மரப்பலகை மீன்குளம்: தச்சு வேலைக்கு முழு மதிப்பெண், தண்ணீர் வேலைக்குப் பாதி

சென்னைப் புறநகரான முடிச்சூரில், எங்கள் வீட்டுக் கொல்லையில், தரைக்கு மேலே எழுப்பிய மரப்பலகை மீன்குளம் ஒன்று 2024 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. இரண்டு கத்திரி வெயில்களையும் இரண்டு வடகிழக்குப் பருவமழைகளையும் அது கடந்துவிட்டதால், அதைச் செய்துகொடுத்த மரவேலைக் கூடத்தின் பணியைப் பற்றி இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். கூடத்தின் பெயரை எழுதவில்லை. கீழே சொல்லப்போகும் குறைகளில் சிலவற்றை அவர்களே வந்து சரிசெய்துவிட்டார்கள். அதோடு, இதே குறைகளை இந்தத் தொழிலில் இருக்கும் வேறு சிலரிடமும் விலை விசாரித்தபோது பார்த்தேன் என்பதால், ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயமாகப் படவில்லை.

தரைக்கு மேலே ஏன் குளம் என்ற கேள்விக்கு எங்கள் பகுதிக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. முன்பு எங்களிடம் இருந்தது தரைமட்டத்தில் கட்டிய சிமெண்ட் தொட்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருத் தண்ணீர் கொல்லைக்குள் புகுந்து தொட்டியும் தெருவும் ஒன்றானபோது, மீன்கள் போன திசை யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு தொட்டிக்குள் மிஞ்சியிருந்தவை இரண்டு தவளைகளும் ஒரு செருப்பும்தான். மண்ணைத் தோண்டித் தண்ணீர் கசியாத விரிப்புப் போடும் குளத்துக்கு இங்கே வேறொரு சிக்கலும் உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி வரும்போது, விரிப்பைக் கீழிருந்து தள்ளிக் குளத்தின் நடுவில் குமிழி போல உப்பச் செய்துவிடும். ஆகவே இரண்டரை அடி உயரத்துக்கு எழுப்புவது என்று முடிவு செய்தோம். செங்கல்லும் சிமெண்ட்டும் வேண்டாம், மரமாக இருக்கட்டும் என்பது என் ஆசை. கழற்றி வேறிடத்துக்கு எடுத்துப்போக முடியும் என்பது அந்த ஆசைக்கு நான் வீட்டில் சொன்ன காரணம்.

வெளியளவு 8 அடிக்கு 5 அடி, உயரம் 2.5 அடி, நீரின் ஆழம் 2 அடி. சுவரின் கனம் போக உள்ளளவு 7.5 அடிக்கு 4.5 அடி வருவதால், குளம் கொள்ளும் தண்ணீர் ஏறத்தாழ 1,900 லிட்டர். மரம், விரிப்பு, மோட்டார், வடிகட்டி, ஆட்கூலி அனைத்தும் சேர்த்து 74,000 ரூபாய் வாங்கினார்கள். அடித்தளக் காங்கிரீட்டை நாங்களே தனியாகப் போட்டுக்கொண்டோம். இந்தத் தொகை குறைவல்ல. இதே கொள்ளளவுக்குச் சிமெண்ட் தொட்டியை இதில் பாதிக்கும் குறைவான செலவில் கட்டியிருக்கலாம். கிணற்று உறைகளை வாங்கி இறக்கியிருந்தால் இன்னும் மலிவாக முடிந்திருக்கும். எனவே இந்தச் சேவையை மதிப்பிடும்போது, கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு எது கிடைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள் முழு மதிப்பெண் வாங்குவது அங்கேதான். தேக்கு, வேம்பு, பதப்படுத்திய பைன் என்று மூன்று வகைகளைக் காட்டினார்கள். பைன் விலையில் மிகவும் இறங்கியிருந்தது. பச்சை சாயல் ஏறிய அந்தப் பலகைகள் தாமிரச் சேர்மம் ஏற்றிப் பதப்படுத்தப்பட்டவை என்பதைத் தலைமைத் தச்சரே மறைக்காமல் சொன்னார். தாமிரம் மீன்களுக்கு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. உள்ளே விரிப்பு இருந்தாலும், மேல்விளிம்பிலிருந்து மழைநீர் வழிந்து குளத்துக்குள் சொட்டாது என்று யாரும் உறுதி தர முடியாது. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய ஸ்லீப்பர் கட்டைகளை மலிவாக வாங்கி இதே வேலைக்குப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் வெயில் ஏறும்போது கசியும். நாங்கள் தேக்கைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொரு பலகையையும் தச்சர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, வெளிறிய விளிம்பு ஒரு விரற்கடைக்கு மேல் இருந்ததைத் தனியே ஒதுக்கிவிட்டு, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்ததை நானே அருகில் நின்று பார்த்தேன். கரையானும் பூஞ்சையும் முதலில் தேடிப் போவது வெளிறைத்தான் என்பதால், இந்த ஒரு கவனத்துக்காகவே அந்தக் கூடத்தை மற்றவர்களுக்குச் சொல்லலாம்.

ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகைகளைப் படுக்கை வாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் அமருமாறு இழைத்திருக்கிறார்கள். மூலைக்கால்கள் மூன்று அங்குலச் சதுரம். ஆணி ஒன்றுகூட இல்லை. எல்லாமே துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகள், அகன்ற வாஷர்களோடு. மேலே சுற்றிலும் ஆறங்குல அகலத்துக்கு ஒரு மூடுபலகை ஓடுகிறது; அதன் உள்விளிம்பு ஒரு அங்குலம் தண்ணீர்ப் பக்கமாக நீண்டு விரிப்பின் ஓரத்தை வெயிலிலிருந்து மறைக்கிறது. மூலைகளில் அந்த மூடுபலகையை நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வெட்டிச் சேர்த்த இடத்தில், இரண்டாண்டுகளுக்குப் பிறகும் ஒரு அஞ்சலட்டையைச் செருகப் பார்த்தேன். நான்கில் மூன்று மூலைகளில் நுழையவில்லை. என் அம்மா தினமும் காலையில் அதன்மேல் உட்கார்ந்துதான் மீன்களுக்குத் தீனி போடுகிறார், காப்பியையும் அதன்மேல்தான் வைக்கிறார். தரைமட்டத் தொட்டி இருந்த காலத்தில் முட்டிவலியால் அவர் அதன் பக்கமே போனதில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

மரம் மண்ணைத் தொடக் கூடாது என்பதிலும் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். காங்கிரீட் தளத்தின்மேல் நான்கு பக்கமும் ஒரு அங்குலக் கனக் கடப்பா கல்பட்டைகளைப் பதித்து, அவற்றின்மேல்தான் முதல் பலகை அமர்ந்திருக்கிறது. கரையான் ஏற வேண்டுமானால் கல்லின் முகத்தில் மண்கூடு கட்டித்தான் ஏற வேண்டும்; கட்டினால் கண்ணுக்குத் தெரியும். இந்த இரண்டாண்டில் இரண்டு முறை தெரிந்தது, துடைப்பத்தால் தட்டிவிட்டோம்.

ஆனால் இவ்வளவு நன்றாகக் கல்பட்டை பதித்தவர்களே அதற்கு மறுநாள் ஐந்து லிட்டர் கேனில் குளோர்பைரிபாஸ் மருந்தோடு வந்து நின்றார்கள். கட்டடங்களுக்கு அடிக்கும் அதே கரையான் மருந்து. எங்கள் எல்லா வேலைக்கும் இது உண்டு, தனிக்கட்டணம் கிடையாது என்றார் உதவியாளர். அம்மா கேனின் வாசனையை முகர்ந்துவிட்டு, "தம்பி, இதுக்குள்ள மீனு நீந்தப் போகுதா, மருந்து நீந்தப் போகுதா?" என்று கேட்டார். "உள்ளே ரப்பர் ஷீட் வருதும்மா, தண்ணியில படாது" என்று பதில் வந்தது. குளோர்பைரிபாஸ் பல மீன் இனங்களுக்கு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே ஆபத்தானது. தூரிகையிலிருந்து சிதறிய துளிகளோ, மழையில் மூடுபலகை வழியாக வழிந்த நீரோ போதும். மருந்து திரும்பிப் போனது. அன்று நாங்கள் இருவரும் வெளியூர் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கும்போது, இவர்களுக்கு மரம் தெரிகிறது, தண்ணீர் தெரியவில்லை என்ற எண்ணம் எனக்கு முதன்முறையாக வந்தது. பின்னர் நடந்தவை அதை உறுதிப்படுத்தின.

பெரிய பிழை சுவரின் பலம் பற்றியது. வரைபடத்தில் நான்கு மூலைக்கால்கள் மட்டுமே இருந்தன, 7.5 அடி நீளச் சுவருக்கு நடுவில் தாங்கல் எதுவும் இல்லை. ஒன்றரை அங்குலத் தேக்கு அசையாது என்றார் தச்சர். அலமாரிக்கும் கட்டிலுக்கும் அது அசையாதுதான். ஆனால் தண்ணீர் சுவரைத் தள்ளும் விசை, குளத்தில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டடி ஆழத்தில் எங்கள் நீளச் சுவர் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 425 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளுகிறது, அதுவும் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குவிந்து தள்ளுகிறது. ஆழத்தை மூன்றடி ஆக்கினால் இந்த விசை ஒன்றரை மடங்காகாது, இரண்டேகால் மடங்காகும். தண்ணீர் நிரப்பிய அன்று மாலை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை நான் மூலைக்கு மூலை ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தபோது, சுவரின் நடுப்பகுதி நூலைத் தாண்டி முக்கால் அங்குலம் வெளியே வந்திருந்தது. நாக்கும் பள்ளமும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கீற்று இடைவெளி.

தொலைபேசியில் சொன்னதும் மறுநாளே வந்தார்கள் என்பதையும், வந்தவர் வாதம் செய்யாமல் நூலைத் தானே பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார் என்பதையும் பாராட்டியாக வேண்டும். தண்ணீரைப் பாதி இறக்கிவிட்டு, ஒவ்வொரு நீளச் சுவருக்கும் வெளிப்பக்கம் இரண்டரை அடிக்கு ஒன்றாக இரண்டு நிற்கும் கால்களை வைத்து, அவற்றின் அடியைக் காங்கிரீட்டில் எல்-ஆங்கிள் கொண்டு பூட்டினார்கள். மேலே மூடுபலகைக்குக் கீழே எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து ஒரு எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். அதற்குப் பணம் வாங்கவில்லை. இப்போதும் மாதம் ஒரு முறை நூல் பிடித்துப் பார்க்கிறேன். இரண்டு நூல், அதாவது கால் அங்குல அளவுக்கு மேல் அசைவில்லை. குறுக்கே போகும் அந்தக் கம்பி பார்வைக்கு அழகாக இல்லைதான், ஆனால் மீன்கொத்தி உட்கார அது வசதியான கம்பியாகிவிட்டது. அந்தத் தொல்லையைப் பின்னால் சொல்கிறேன். இத்தகைய குளம் ஒன்றை யாரிடம் ஒப்படைத்தாலும், தண்ணீர் நிரப்புவதற்கு முன்பே நீளச் சுவரில் கால்கள் எத்தனை அடிக்கு ஒன்று வருகின்றன என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விரிப்பில் நடந்தது வேறு வகைக் கவனக்குறைவு. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கறுப்பு ஈ.பி.டி.எம். ரப்பர் விரிப்பைத்தான் கொடுத்தார்கள், பொருளில் குறையே இல்லை. வெயிலில் மடிப்பு வெடிக்கும் நீல நிறத் தார்ப்பாயை நான் முன்பு பயன்படுத்தி அலுத்திருக்கிறேன். இந்த ரப்பர் துணி போல மூலையில் மடிந்து அமர்கிறது, கையால் இழுத்தால் நீள்கிறது, விட்டால் பழைய நிலைக்கு வருகிறது. ஆனால் கொண்டுவந்த துண்டு 12 அடிக்கு 9 அடி. உள்நீளம் ஏழரையோடு இரண்டு பக்கச் சுவர்களுக்கும் தலா இரண்டேகால் அடி சேர்த்தாலே பன்னிரண்டு முடிந்துவிடுகிறது. மேல்விளிம்பில் மடித்துப் பிடிக்க அரை அடி வீதம் விட்டால் 13 அடிக்கு 10 அடி வேண்டும். அளவெடுத்தவர் ஓரத்தைக் கணக்கில் சேர்க்கவேயில்லை. பசை போட்டு ஒட்டுத்துண்டு சேர்த்துத் தருகிறோம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஒன்பது நாள் காத்திருந்து புதிய துண்டு வந்தது. அந்த ஒன்பது நாளில் வெறும் மரப்பெட்டியாக நின்ற குளத்தைப் பார்த்து, அக்கம்பக்கத்தார் நெல் கொட்டவா, நாய் கட்டவா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

விரிப்புக்கும் பலகைக்கும் நடுவில் அவர்கள் வைத்த அமைப்பு, அவர்களுடைய வேலையிலேயே தண்ணீரையும் வெயிலையும் உணர்ந்து செய்த ஒரே பகுதி. பலகையின் உட்புறம் ஒரு அங்குலத் தெர்மோகோல், அதன்மேல் அரை அங்குல நீர்தாங்கும் ஒட்டுப்பலகை, அதன்மேல் கம்பளி போன்ற ஜியோடெக்ஸ்டைல் துணி, பிறகு விரிப்பு. மண்ணுக்குள் இருக்கும் குளத்தைச் சுற்றியுள்ள மண்ணே குளிர்ச்சியாக வைத்திருக்கும். எழுப்பிய குளத்துக்கு நான்கு பக்கமும் வெயில் படுவதால் அந்தப் பாதுகாப்பு இல்லை. வெந்நீரில் மீன் துடிப்பதற்குச் சூடு மட்டும் காரணமன்று, தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. 25 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடிய ஆக்சிஜன், 35 பாகையில் 7 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே நேரத்தில் மீனின் தேவையோ சூட்டோடு கூடுகிறது. கடந்த மே மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானியை இறக்கிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் தொட்டியைவிட எங்கள் குளம் மூன்று பாகை குறைவாகக் காட்டியது. அதில் தெர்மோகோலின் பங்கு எவ்வளவு, நான் மேலே கட்டிய பச்சை நிழல்வலையின் பங்கு எவ்வளவு, அல்லி இலைகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

மோட்டார் பெட்டியில் மணிக்கு 1,500 லிட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. அது தண்ணீரை மேலேற்ற வேண்டிய உயரமே இல்லாத நிலையில் தள்ளும் அளவு; வடிகட்டிப் பெட்டி வரை மேலேற்றி, பஞ்சுகளுக்குள் புகுத்தி வெளியே விடும்போது எவ்வளவு வருகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. பதினைந்து லிட்டர் வாளியை வைத்துப் பார்த்தேன். நிரம்ப 62 விநாடி ஆனது. அதாவது மணிக்கு 870 லிட்டர். குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் ஒரு முறை வடிகட்டியைக் கடக்கிறது. இந்த அளவு மீன்களுக்கு அது போதுமானது, குறையாக எழுதவில்லை. ஆனால் இன்னும் ஆழமாக, இன்னும் அதிக மீனோடு வைக்க விரும்புபவர்கள் பெட்டியின் எண்ணை நம்ப வேண்டாம். மின்செலவு பயப்படும்படி இல்லை. 25 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 0.6 யூனிட், இரண்டு மாதக் கணக்கீட்டில் 36 யூனிட். அந்த மோட்டாருக்கு அவர்கள் இழுத்த மின்கம்பியைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு கம்பிகளை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, மூடுபலகைக்கு அடியில், தண்ணீர்ப் பரப்புக்கு ஐந்து அங்குலத்துக்கு மேலே செருகியிருந்தார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். கம்பியை இணைப்பில்லாமல் மாற்றி, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்திய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க அனுமதித்தார். அந்தச் செலவு என்னுடையது. அது அவர்களுடைய விலையில் அடங்கியிருக்க வேண்டியது.

இனி மீன். அவர்களுடைய தொகுப்பில் "பத்து கோய் மீன்கள் இலவசம்" என்று ஒரு வரி இருந்தது. குளம் நிரம்பிய அன்றே பைகளில் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம், அடுத்த நிமிடம் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். கோய் என்பது ஜப்பானின் நீகாத்தா மலைப்பகுதியில் நெல்விவசாயிகள் வளர்த்த கெண்டையிலிருந்து நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய மீன். விரல் நீளத்தில் வாங்கும்போது அழகாக இருக்கும், நன்றாக வளர்ந்தால் இரண்டடியைத் தொடும். எங்கள் குளத்தின் ஆழமே இரண்டடி. பத்து கோய்களை அதில் வளர்ப்பது, குழந்தையாக இருக்கும்போது எடுத்த தொட்டிலிலேயே ஆளையும் படுக்க வைப்பது போன்றது. இலவச மீன்கள் வேண்டாம் என்று சொல்லி அதற்கு ஈடாகப் பணத்தைக் குறைக்கக் கேட்டேன், குறைக்கவில்லை.

அதைவிட முக்கியமானது நாள் கணக்கு. புதிதாக நிரப்பிய குளம் தெளிவாகத் தெரிந்தாலும் மீனுக்கு ஏற்றதாகிவிடுவதில்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அந்த பாக்டீரியாக்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் காரத்தன்மை உள்ளது. காரமும் சூடும் கூடும்போது அதே அளவு அம்மோனியாவே கூடுதல் நஞ்சாகிறது என்பதால் இங்கே அவசரம் இன்னும் ஆபத்து. நான் மீனே இல்லாமல் தினமும் ஒரு சிட்டிகைத் தீனியைத் தூவி, சோதனைத் திரவத்தில் நிறம் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். இரண்டாம் வாரத்தில் அம்மோனியா உச்சத்துக்குப் போனது, நான்காம் வாரத்தில் நைட்ரைட். முப்பத்தாறாம் நாள் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கொளத்தூருக்குப் போய் மோலியும் கப்பியும் வாங்கி வந்தேன். இந்த ஐந்து வாரத்தில் கூடத்திலிருந்து மூன்று முறை தொலைபேசி வந்தது, "சார், மீனு விட்டாச்சா, போட்டோ அனுப்புங்க" என்று. காத்திருப்பதன் காரணத்தைச் சொன்னபோது மறுமுனையில் இருந்தவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதுவரை யாரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை போலும். லாரித் தண்ணீரோ குடிநீர் வாரியத் தண்ணீரோ பயன்படுத்துபவர்கள் குளோரினைப் போக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) சேர்க்க வேண்டும் என்பதும் அவர்கள் கொடுத்த அச்சுத் தாளில் இல்லை.

மழை அடுத்த சோதனை. இருபது சென்டிமீட்டர் மழை பெய்தால் குளத்தின் மட்டமும் இருபது சென்டிமீட்டர் ஏறும். ஆகவே வழிந்தோடும் குழாய் அவசியம். முக்கால் அங்குலக் குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள், ஆனால் வாயில் வலை இல்லை. 2024 அக்டோபரின் முதல் பெருமழையில் கப்பிக் குஞ்சுகள் வரிசையாக அந்த வழியே வெளியேறி மல்லிகைச் செடியின் பாத்தியில் கிடந்தன. பழைய தேநீர் வடிகட்டியின் வலையை வெட்டி நானே கட்டிவிட்டேன். அந்த நவம்பர் இறுதியில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, கொல்லையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. குளத்துக்குள் ஒரு சொட்டு சேற்றுநீர் போகவில்லை. எழுப்பிய குளம் என்பதற்காக நான் கொடுத்த பணம் அந்த இரண்டு நாளிலேயே திரும்பி வந்துவிட்டதாகக் கருதினேன். மழைக்காலத்தில் மட்டும் குளத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று காலியாக்கிவிடக் கூடாது. நிரம்பிய குளம் வெள்ளத்தில் அசையாமல் நிற்கும், காலியான மரப்பெட்டி மிதக்கப் பார்க்கும்.

மேற்குப் பக்கப் பலகைகள் பிற்பகல் வெயிலில் சாம்பல் நிறமாக வெளுத்துவிட்டன, அவற்றில் ஒன்று லேசாகக் குழிந்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறை ஆளிவிதை எண்ணெய் பூசச் சொன்னார்கள். முதலாண்டு பூசினேன், இரண்டாமாண்டு சோம்பிவிட்டேன், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. மீன்கொத்தி ஒன்று அந்தக் குறுக்குக் கம்பியில் உட்கார்ந்து முதல் கோடையில் தினம் இரண்டு மீன் வீதம் எடுத்துப் போனது. இப்போது நைலான் வலை கட்டியிருக்கிறோம், பூனைக்கும் அதுவே தடை. கொசுப் புழு ஒன்றைக்கூட இதுவரை பார்க்கவில்லை, அந்த வேலையைக் கப்பிகள் எங்களுக்கு முன்பே முடித்துவிடுகின்றன.

மறுபடியும் இவர்களிடம் போவேனா என்றால், போவேன். ஆனால் மரப்பெட்டியை மட்டும், இடைக்கால்களோடு, அவர்களிடம் செய்யச் சொல்லிவிட்டு, விரிப்பின் அளவை நானே எழுதிக் கொடுத்து, மோட்டாரையும் வடிகட்டியையும் தனியே வாங்கி, மின்வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவேன். அப்படிப் பிரித்துத் தர அவர்கள் இப்போது சம்மதிக்கிறார்கள். சென்ற மாதம் கேட்டபோது இதே அளவுப் பெட்டிக்கு மட்டும் 48,000 ரூபாய் சொன்னார்கள். வலைக்கு ஒரு மடக்குச் சட்டம் செய்யச் சொல்லி அவர்களிடமே முன்பணம் கொடுத்திருக்கிறேன். தச்சர் அளவெடுக்க வந்தவர் முதலில் சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்து, நான் கேட்காமலேயே நீளச் சுவரில் பிடித்துப் பார்த்தார்.